எரிமலை இல்லாத நாட்டில் வெந்நீர்

(கண்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வெந்நீர் ஊற்று. கண்டியில் நின்றுகொண்டு வெந்நீர் ஊற்றைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். மார்கழிக் காலையில் அடுப்பில் ஏற்றி இறக்கினால் தவிர இந்த ஊரில் வெந்நீர் ஏது? ஹந்தானையில் ஊறுவதும் குளிர்ந்த நீர், நக்கிள்ஸ் சரிவில் இறங்குவதும் குளிர்ந்த நீர். விடியற்காலையில் தோட்டத்துப் பீலியில் தலையைக் கொடுத்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் இந்தப் பொருளை இங்கே பேச ஒரு காரணம் உண்டு. வேலைக்கும் படிப்புக்கும் ஜப்பான் போகிற நம் பிள்ளைகளின் தொகை கூடிக்கொண்டே வருகிறது. ஹகோனே, குசாட்சு, பெப்பு என்று அங்குள்ள வெந்நீர் ஊர்களிலிருந்து படங்கள் வருகின்றன. மலையிலிருந்து புகை எழும், தெருவோரக் கால்வாயில் ஆவி பறக்கும், பருத்தி அங்கி உடுத்தவர்கள் மரச் செருப்பில் நடந்து போவார்கள். படத்தைப் பார்த்தவுடன் இங்கே ஒரு வாக்கியம் சொல்லப்படுகிறது: “அவர்களிடம் எரிமலை இருக்கிறது, நம்மிடம் இல்லை.” அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த வாக்கியம் உண்மையா? உண்மையென்றால் எவ்வளவு தூரம் உண்மை? அதை உரசிப் பார்ப்பதுதான் இன்றைய வேலை.

முதலில் ஜப்பானுக்குரிய நியாயத்தை முழுதாகக் கொடுத்துவிடுவோம். உயிரோடிருக்கும் எரிமலைகள் என்று அந்த நாடு அதிகாரபூர்வமாகக் கணக்கிட்டிருப்பவை 111. நிலத்தடியில் உருகிய பாறை மேலெழுந்து வந்து நிற்கும் இடங்களில் மழைநீர் கீழே இறங்கிச் சூடாகித் திரும்பி வருகிறது. கியூஷூ தீவின் பெப்பு நகரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊற்றுக் கண்கள் உள்ளன. அங்கே நரகங்கள் என்று பேர் பெற்ற சில குளங்கள் உண்டு. அவற்றில் ஒன்று கடல் நீலத்தில் கொதிக்கிறது, இன்னொன்று செம்மண் நிறத்தில் குமுறுகிறது. கால் வைக்க முடியாது, பார்க்க மட்டுமே முடியும். குன்மா மாகாணத்துக் குசாட்சுவில் ஊற்று நீர் புளிக்காடியைப் போன்ற அமிலத் தன்மையோடு வருகிறது. ஊர் நடுவே மரக் கால்வாய்கள் அமைத்து அந்த நீரை ஆற விடுகிறார்கள். இவையெல்லாம் எரிமலை தந்த சீதனம். மறுக்க முடியாது. அந்தச் சீதனத்துக்கு விலையும் உண்டு. 2015-இல் ஹகோனேயின் ஓவாகுதானிப் பள்ளத்தாக்கில் சிறு வெடிப்பு நிகழ்ந்து அப்பகுதி மூடப்பட்டது. 2018 ஜனவரியில் குசாட்சுவை அடுத்த மலை முன்னறிவிப்பே இல்லாமல் வெடித்து, பனிச்சறுக்குப் பயிற்சியில் இருந்த படைவீரர் ஒருவர் உயிரிழந்தார். எரிமலையை விரும்பிக் கேட்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடம் எரிமலை இல்லை. சரி. வெந்நீர் இல்லையா? இருக்கிறது. திருகோணமலைக்கு அருகே கன்னியா, கிழக்கே மகா ஓயா, வஹவ, மரங்கல, அம்பாறைக் காட்டுக்குள் கபுறெல்ல, பொலன்னறுவைப் பக்கம் நெலும்வெவ, தெற்கே அம்பாந்தோட்டை மாவட்டத்தில் மகாபெலெஸ்ஸ. கன்னியா நீர் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ், உடம்புக்கு இதம். மகா ஓயா நீர் 55 பாகையை ஒட்டி நிற்கிறது, ஆற வைக்காமல் மேலில் ஊற்றினால் தோல் வெந்துவிடும். கபுறெல்லவில் 70 பாகைக்கு மேல் அளந்திருக்கிறார்கள். கண்டியிலிருந்து மகா ஓயாவுக்குப் போவது கடினமுமல்ல. தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, பதினெட்டு வளைவு, ஹசலக்க, மகியங்கனை, பதியத்தலாவை, அப்புறம் மகா ஓயா. ஜப்பானுக்குப் போகும் விமானச் சீட்டின் விலையைக் கேட்டு மலைக்கும் நாம், இந்தப் பாதையில் ஒரு பஸ் ஓடுவதை மறந்துவிடுகிறோம்.

எரிமலை இல்லாமல் இந்த நீர் எப்படிச் சூடாகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர்கள் நம் வீட்டு வாசலிலேயே இருந்தவர்கள். 1988-இல் இலங்கையின் வெந்நீர் ஊற்றுகள் எப்படி உருவாயின என்று ஆராய்ந்து திசாநாயக்கவும் ஜயசேனவும் சர்வதேச ஆய்விதழில் கட்டுரை எழுதினார்கள். பேராசிரியர் சி. பி. திசாநாயக்க பேராதனைப் பல்கலைக்கழகத்துக்காரர். விளக்கம் இதுதான்: இந்த மலைநாடு நிற்கும் பாறைத் தொகுதியும் கிழக்குச் சமவெளியின் பாறைத் தொகுதியும் வேறு வேறானவை. ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் ஒரே பெருநிலமாக முட்டி இணைந்த காலத்தில், மலைநாட்டுப் பாறை கிழக்குப் பாறையின்மேல் ஏறி உட்கார்ந்தது. அந்தத் தையல் இன்றும் வடகிழக்கிலிருந்து தெற்கு நோக்கி நாட்டைக் கடந்து ஓடுகிறது. நம் வெந்நீர் ஊற்றுகளில் பெரும்பாலானவை அந்தத் தையலை ஒட்டியே வரிசையாக இருக்கின்றன. தற்செயலா? இல்லை. தையல் ஓடும் இடத்தில் பாறை நொறுங்கி வெடிப்புகள் ஆழமாக இறங்குகின்றன. மழைநீர் அவ்வழியே கீழே போகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கும்போதும் சூடு பொதுவாக 25 பாகை அளவு கூடும். மேலே 27 பாகையில் விழுந்த மழை இரண்டு கிலோமீற்றர் கீழே போனால் 75 பாகையைத் தாண்டிவிடும். வேறொரு வெடிப்பு வழியாக அது விரைவாக மேலே ஏறினால் வெந்நீர் ஊற்று. கணக்கு அவ்வளவுதான். பின்னர் நடந்த வேதியியல், ஓரிடத்தான் ஆய்வுகளும் இந்த நீர் மழை நீரே என்று உறுதி செய்தன.

அப்படியானால் பூமிக்குள் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? பூமி உருவான காலத்துப் பழைய சூடு ஒரு பங்கு. பாறைக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை மெல்ல மெல்லச் சிதைந்து வெளிவிடும் சூடு இன்னொரு பங்கு. தோரியம் என்றதும் இந்த மண்டபத்தில் ஒருவருடைய பெயரைச் சொல்லாமல் போக முடியாது. முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி. கண்டிய கைவினைகளைப் பற்றி 1908-இல் பெருநூல் எழுதிய கலை அறிஞராகவே அவரை நாம் அறிவோம். அதற்கு முன் அவர் புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம அளவையை நடத்திய முதல் இயக்குநர். தோரியம் நிறைந்த தோரியனைட் என்ற கனிமம் இலங்கையில் இனங்காணப்பட்டது அவர் பதவியிலிருந்த 1904-இல்தான். நடராசர் சிலையை உலகுக்கு விளக்கிய அதே கண்கள், அதற்கு முன்னால் இந்தத் தீவின் கல்லைப் படித்தவை. நம் பிள்ளைகளுக்கு அவருடைய இந்தப் பாதியையும் சொல்லிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இங்கே ஒரு மறுப்பு எழும். 2020-இல் திகண, அரகம, விக்டோரியா நீர்த்தேக்கப் பக்கங்களில் நிலம் அதிர்ந்ததே, அப்போது எரிமலைப் பேச்சும் அடிபட்டதே என்று கேட்பீர்கள். அதிர்ந்தது உண்மை. பல்லேகலயில் இருக்கும் நில அதிர்வு நிலையம் அவற்றைப் பதிவு செய்தது. அவை மிகச் சிறிய அதிர்வுகள். சுண்ணக்கல் அகழ்வதைச் சிலர் குறை சொன்னார்கள், நீர்த்தேக்கத்தின் பாரத்தைச் சிலர் குறை சொன்னார்கள். எது காரணமானாலும் எரிமலை காரணமாக முடியாது. பழைய பாறை அசைவதற்கு உருகிய பாறை தேவையில்லை, வெடிப்பில் கொஞ்சம் சறுக்கல் போதும். இளமையான எரிமலைப் பாறை ஒரு கூடைகூட இந்தத் தீவில் கிடையாது.

ஆக, எரிமலை இல்லை, ஆனால் வெந்நீர் உண்டு. “சரி, ஐயா, உங்கள் வெந்நீர் எரிமலையில் வரவில்லை, அதனால்தான் அது சிறிது, அதனால்தான் அங்கே ஊர் உருவாகவில்லை” என்று வாதாடுவோரும் உண்டு. இதுவே வலுவான வாதம். இதற்குப் பதில் ஜப்பானிலேயே இருக்கிறது.

ஷிக்கோக்குத் தீவில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. அந்தத் தீவின் மட்சுயாமா நகரில்தான் ஜப்பானின் மிகப் பழைய வெந்நீர்க் குளிப்பிடங்களில் ஒன்றான டோகோ இருக்கிறது. 1894-இல் கட்டிய அதன் மூன்று மாடி மரக் கட்டடம் இன்றும் நாட்டின் பெருமை. அங்கே பல கிணறுகளிலிருந்து வேறு வேறு சூட்டில் நீர் எடுத்து, ஒன்றோடொன்று கலந்து, ஏறத்தாழ 42 பாகைக்குக் கொண்டுவந்து குளிக்கக் கொடுக்கிறார்கள். கன்னியாவின் சூடும் ஏறக்குறைய அதுதான். கோபே நகரை அடுத்த அரிமாவிலும் எரிமலை இல்லை. ஆனால் அங்கே நீர் கொதிநிலையை ஒட்டி வருகிறது. கடலடித் தட்டு ஒன்று மிக ஆழத்தில் தரைக்கு அடியில் செருகும்போது பிழிந்துவிடும் உப்பு நீர் அது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். ஹிதேயோஷி என்ற பேராட்சியாளர் பதினாறாம் நூற்றாண்டில் விரும்பிப் போய் நீராடிய ஊர் அது. டோகோவும் அரிமாவும் ஜப்பானின் மூத்த வெந்நீர் ஊர்களாகப் போற்றப்படுபவை. இரண்டுக்கும் எரிமலை இல்லை. எரிமலை இல்லாததால் ஊர் உருவாகவில்லை என்று இனி எப்படிச் சொல்வது?

அப்படியானால் ஊரை உருவாக்கியது எது? விடையைச் சொல்ல ஒரு வழக்கை விரித்துச் சொல்ல வேண்டும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள், இந்தப் பேச்சின் நடுத்தூண் அதுதான்.

ஹியோகோ மாகாணத்தின் வடகரையில் கினோசாகி என்று ஒரு வெந்நீர் ஊர் உண்டு. பக்கத்தில் உயிருள்ள எரிமலை கிடையாது. ஊரில் ஏழு பொதுக் குளிப்பகங்கள். நமது கன்னியாவில் ஏழு கிணறுகள் இருப்பதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம், எண்ணிக்கை பொருந்தியதைத் தவிர அதில் வேறு பொருளில்லை. கினோசாகியில் பல தலைமுறைகளாக ஒரு வழக்கம் இருந்தது. விடுதியில் தங்கலாம், உண்ணலாம், உறங்கலாம். குளிக்க வேண்டுமானால் எல்லோரும் தெருவில் இறங்கிப் பொதுக் குளிப்பகத்துக்கே போக வேண்டும். எந்த விடுதிக்குள்ளும் வெந்நீர் வரக்கூடாது. ஊற்று ஊரின் உடைமை, விடுதிக்காரருடையது ஆகாது. 1925 மே மாதத்தில் நிலநடுக்கம் வந்தது, தீ பரவியது, ஊர் எரிந்து போனது. மீண்டும் கட்டத் தொடங்கிய காலத்தில், 1927-இல், விடுதி ஒன்று தன் வளவுக்குள்ளேயே வெந்நீர் எடுத்துத் தனிக் குளிப்பறை திறந்தது. என் நிலத்துக்குக் கீழே ஊறும் நீர் என்னுடையது என்று அது வாதாடியது. கீழே ஓடும் நீர் ஒன்றே, நீ இறைத்தால் ஊர்க் குளிப்பகம் வற்றும் என்று ஊர் வாதாடியது. நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஓராண்டு, ஈராண்டில் முடியும் வழக்கா அது? போர் வந்து போனது, பேரரசு விழுந்தது, புதிய அரசியலமைப்பு வந்தது, வழக்கு முடியவில்லை. 1950-இல்தான் இணக்கம் ஏற்பட்டது.

அந்த இணக்கம் என்ன சொன்னது என்பதைக் கவனியுங்கள். யாரும் முழுதாக வெல்லவில்லை. விடுதிகளுக்குள் குளிப்பறை வைக்கலாம், ஆனால் அளவுக்குட்பட்டுச் சிறிதாக வைக்க வேண்டும். பொதுக் குளிப்பகங்களே முதன்மை. ஊற்றுகள் ஊரின் கூட்டு நிருவாகத்தில் இருக்கும், நீர் அங்கிருந்து பங்கிடப்படும். பிற்காலத்தில் எல்லா ஊற்று நீரையும் ஒரே இடத்தில் சேர்த்துக் குழாய் வழியாகப் பகிரும் முறையும் அமைந்தது. இன்று கினோசாகியில் இரவு தங்குகிறவர் பொதுக் குளிப்பகங்களுக்குப் போகும் அனுமதியோடு தெருவில் நடக்கிறார். அந்தத் தெரு நடைதான் அந்த ஊரின் அழகு என்று உலகம் முழுவதிலுமிருந்து வருகிறார்கள். ஒவ்வொரு விடுதியும் தன் மதிலுக்குள் தன் வெந்நீரை அடைத்திருந்தால் அந்தத் தெருவில் யார் நடப்பார்கள்? மதிலும் வாயிற்காவலும்தான் மிஞ்சியிருக்கும்.

என் வாதம் இதுதான், சுருக்கமாகவே சொல்கிறேன். வெந்நீர் ஊரை ஆக்குவது நீரைப் பங்கிடும் ஒழுங்கு. எரிமலையின் மடியிலேயே இருக்கும் ஊர்களிலும் இதைத்தான் காண்கிறோம். பெப்புவில் அக்கம்பக்கத்தார் மாதச் சந்தா கட்டி, முறை வைத்துத் தாங்களே கழுவித் துடைத்து நடத்தும் சிறு குளிப்பகங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. 1879-இல் தொடங்கிய தகேகவாரா குளிப்பகத்தை இன்றும் மாநகரமே நடத்துகிறது. பெப்புவின் நரகங்களுக்குச் சுற்றுலா பஸ் விட்டு, 1928-இல் பெண் வழிகாட்டிகளை அதில் அமர்த்தி, ஊரை நாடறியச் செய்தவர் அபுராயா குமஹாச்சி என்ற ஒரு மனிதர். நரகங்கள் அவருக்கு முன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தன. குசாட்சுவில் நீர் மிகச் சூடு. பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆற்றினால் மருந்துச் சத்து நீர்த்துவிடும் என்று, நீண்ட பலகைகளால் அடித்துத் துழாவி ஆற்றும் வழக்கத்தை ஊரே காப்பாற்றி வருகிறது. ஆற்றும் முறைக்குக்கூட ஊர்க் கட்டுப்பாடு!

அரசும் சும்மா இருக்கவில்லை. 1948-இல் ஜப்பான் வெந்நீர் ஊற்றுச் சட்டம் இயற்றியது. ஊற்று நீர் 25 பாகையாவது இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட கனிமங்களில் ஒன்று குறித்த அளவில் இருக்க வேண்டும், அதுவே இலக்கணம். எரிமலை என்ற நிபந்தனை அதில் இல்லை. (இந்த இலக்கணத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் திருகோணமலையின் வீட்டுக் கிணறெல்லாம் வெந்நீர் ஊற்றாகிவிடும், நம் வெயில் அப்படி. அதை விட்டுவிடுவோம்.) எடுத்துக்கொள்ள வேண்டியது சட்டத்தின் மற்றப் பகுதி. வெந்நீருக்காக நிலத்தைத் துளைக்க மாகாண ஆளுநரின் அனுமதி வேண்டும். பக்கத்து ஊற்றைப் பாதிக்குமானால் அனுமதி மறுக்கலாம். நீரில் என்ன கலந்திருக்கிறது, யார் குளிக்கக் கூடாது என்று குளிப்பகத்தில் எழுதி மாட்ட வேண்டும். இதற்கு மேல், குளிப்பவரிடம் ஒரு நாளைக்கு 150 யென் அளவில் சிறு வரி உள்ளூராட்சி அறவிடுகிறது. ஊற்றைக் காக்கவும் ஊரைக் கவனிக்கவும் அந்தப் பணம் செலவாகிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். “நம் ஊற்றில் நீர் கொஞ்சம், ஒழுங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?” என்பது ஒன்று. கொஞ்சம் என்பது உண்மை. கன்னியாவின் கிணறுகள் சதுரமான சிறு தொட்டிகள், ஆழமும் சில அடிதான். பெப்பு ஆகும் கனவு வேண்டாம், நூறு அறை விடுதியும் வேண்டாம். ஆனால் நீர் கொஞ்சமாக இருக்கும் இடத்திலல்லவா பங்கீட்டு விதி அதிகம் தேவை? மிகுதியாக இருக்கும் இடத்தில் விதி இல்லாவிட்டாலும் ஓரளவு சமாளிக்கலாம்.

“அவர்கள் ஆடையின்றிச் சேர்ந்து குளிப்பார்கள், நமக்கு ஆகுமா?” என்பது இன்னொன்று. ஆகாது, ஆகவும் வேண்டாம். குறுக்குக்கட்டும் சாரமும் நமக்குப் போதும். ஜப்பானிய வழக்கத்தின் உயிர் ஆடையின்மையில் இல்லை. தொட்டியில் இறங்குமுன் வெளியே உட்கார்ந்து சவர்க்காரம் போட்டு உடம்பைக் கழுவ வேண்டும், பொது நீரில் அழுக்கைக் கலக்கக் கூடாது. அதுதான் அங்கே கண்டிப்பு. கன்னியாவின் பழைய வழக்கத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் கிணற்றுக்குள் இறங்குவதில்லை. வாளியில் மொண்டு வெளியே நின்று ஊற்றிக்கொள்கிறார்கள். ஊற்றில் மனித அழுக்குச் சேருவதே இல்லை. ஜப்பானியர் விதி எழுதி மாட்டிச் சாதித்ததை நம் மூதாட்டிகள் ஒரு வாளியால் சாதித்து வைத்திருக்கிறார்கள். சவர்க்காரம், ஷாம்பு, பிளாஸ்ரிக் பை ஆகியவற்றைக் கிணற்றடியிலிருந்து தள்ளி வைப்பது மட்டும்தான் இந்த நூற்றாண்டு சேர்க்க வேண்டிய விதி.

நமக்கு ஒழுங்கு வராது என்று கையை விரிப்பவர்களுக்கு இந்த ஊரிலேயே சாட்சி காட்டுவேன். தோட்டத்துப் பீலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லயத்து மக்கள் முழுவதற்கும் ஒரு பீலி. யார் குடம் முன்னால் வைக்கப்பட்டதோ அது முன்னால் நிறையும். பெண்கள் குளிக்கும் நேரம் வேறு, ஆண்கள் குளிக்கும் நேரம் வேறு. எழுதி மாட்டிய பலகை கிடையாது, கங்காணி நின்று பார்க்க வேண்டியதும் இல்லை. எசல பெரஹராவின் முடிவில் கெட்டம்பேயில் மகாவலியில் நடக்கும் நீர் வெட்டுச் சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்கள் நான்கும் ஒரே ஆற்றில் இறங்கி நீர் எடுக்கின்றன. அந்த நீரை அடுத்த ஆண்டு வரை பாதுகாக்கின்றன. நேரமும் முறையும் வகுத்து நீரைப் பங்கிடுவது இந்த மலைநாட்டுக்குப் புதிய பாடமா?

இப்போது மிகக் கடினமான மறுப்பு. “கன்னியா சுற்றுலா இடமல்ல, புனித இடம். அங்கே சீட்டு விற்பதும் கூட்டம் சேர்ப்பதும் பாவம்.” இதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று ஐதிகம் சொல்கிறது. ஐதிகம் எதுவாயினும், இறந்தோருக்கு அந்தியேட்டி செய்யவும் ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் கழிக்கவும் கிழக்கு மாகாணத்துச் சைவ மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வருவது நடைமுறை உண்மை. பிரித்தானியப் படை வைத்தியர் ஜோன் டேவி 1821-இல் வெளியிட்ட தம் நூலில் கன்னியாவைப் பற்றி எழுதினார்.  பிற்காலத்தில் அந்த இடம் தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் வந்தது. பிள்ளையார் கோயில் நிலம், பழைய பௌத்தச் சின்னம் என்று இரு பக்கமும் உரிமை பேசி, 2019-இல் திருகோணமலை மேல் நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. நெஞ்சில் வலி இருக்கும் விடயம் இது. அந்த வலியைப் புறக்கணித்துவிட்டு ஜப்பானைப் பார், கட்டு, விற்றுவிடு என்று பேசுவது அறியாமை.

ஆனால் புனிதமும் பொதுக் குளிப்பும் ஒன்றையொன்று விலக்கும் என்பதை ஏற்க மாட்டேன். அரிமாவில் ஊற்றைக் காக்கும் கோயில் உண்டு, டோகோவிலும் உண்டு, குசாட்சுவில் ஊற்றுக்கு மேலேயே பௌத்த ஆலயம் நிற்கிறது. அங்கே வழிபாட்டுக்கு இடமும் குளிப்புக்கு இடமும் வகுக்கப்பட்டிருக்கின்றன. கன்னியாவில் முதலிடம் கடன் கழிக்க வருகிறவர்களுக்கே. ஆடி அமாவாசை அன்று அது முழுக்க அவர்களுக்கே உரியதாக இருக்க வேண்டும். மற்ற நாட்களில் காலை ஒரு பகுதி அவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். எஞ்சிய நேரத்தில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், வெளிநாட்டவர் யாராயினும் வாளி எடுத்து ஊற்றிக்கொள்ளட்டும். வசூலாகும் சீட்டுப் பணம் கொழும்புக்குப் போகாமல் அந்தப் பிரதேச சபையிலேயே தங்க வேண்டும், கழிப்பறைக்கும் உடை மாற்றும் அறைக்கும் துப்புரவுக்கும் செலவாக வேண்டும். நிலத்தின் உரிமை யாருக்கு என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நீரைப் பயன்படுத்தும் முறையை வகுக்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கினோசாகியிலும் நில உரிமை வேறு, நீர் முறை வேறு என்று பிரித்த பிறகே பூட்டு அவிழ்ந்தது.

மின்சாரம் எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில். எரிமலைகள் நிறைந்த ஜப்பானே நிலச் சூட்டிலிருந்து பெறும் மின்சாரம் அந்நாட்டு உற்பத்தியில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. துளைத்தால் ஊற்று வற்றிவிடும் என்று வெந்நீர் ஊர்கள் எதிர்ப்பது அதற்கு ஒரு காரணம். நம் நீரின் சூட்டுக்கு அந்தப் பேச்சை இப்போதைக்கு ஒத்தி வைக்கலாம்.

நோய் தீரும் என்ற பேச்சையும் அடக்கி வாசிக்க வேண்டும். சூடான நீர் மூட்டு இறுக்கத்தைத் தளர்த்தும், களைப்பைப் போக்கும். அதற்கு மேல் வாக்குறுதி கொடுப்பது வைத்தியமாகாது, வியாபாரமாகும். நம் வெந்நீர் ஊற்றுகளில் புளோரைட்டு மிகுதி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உலர் வலயத்தில் பிள்ளைகளின் பல்லில் கறை படிவதற்கு நிலத்தடி நீரில் மிகுந்த புளோரைட்டுத்தான் காரணம். ஆகவே குளிக்கலாம், குடிக்கும் நீராகப் போத்தலில் பிடித்துக்கொண்டு போகக் கூடாது என்று மூன்று மொழிகளிலும் எழுதி மாட்ட வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கான பணம் வேண்டாம், ஒரு பலகையும் கொஞ்சம் பூச்சும் போதும்.

கண்டியில் இருக்கும் நாம் இதில் என்ன செய்ய முடியும்? நிறையச் செய்யலாம். பேராதனையும் ஹந்தானையில் உள்ள அடிப்படை ஆய்வு நிறுவனமும் இந்த நாட்டின் நீரையும் கல்லையும் ஆராயும் இடங்கள். கன்னியாவிலும் மகா ஓயாவிலும் மகாபெலெஸ்ஸவிலும் மாதந்தோறும் சூடும் நீர்மட்டமும் அளந்து, அந்த அளவை ஊற்றடியிலேயே மக்கள் பார்க்க எழுதிவைக்கும் வேலையை நம் மாணவர்களே செய்யலாம். மகா ஓயாவுக்குப் பதினெட்டு வளைவு இறங்கிப் போய்வர ஒரு நாள் போதும். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. கிழக்கிலும் தெற்கிலும் விவசாயத்துக்கும் விடுதிகளுக்கும் குழாய்க் கிணறுகள் நாளுக்கு நாள் ஆழமாகிக்கொண்டிருக்கின்றன. ஊற்றுக்குச் சூட்டைச் சுமந்து வரும் அதே வெடிப்பை ஒரு குழாய்க் கிணறு தொட்டால் போதும், ஊற்று ஆறிப்போகலாம், நின்றும் போகலாம். ஆறிய பிறகு உரிமை பேசி என்ன பயன்? ஒவ்வொரு ஊற்றைச் சுற்றியும் ஒரு வட்டம் குறித்து, அதற்குள் ஆழமாகத் துளைக்க வேண்டுமானால் எழுத்தில் அனுமதி பெற வேண்டும் என்ற விதி முதலில் வர வேண்டும். அதற்கான விண்ணப்பம் திருகோணமலை, அம்பாறை, பொலன்னறுவை, அம்பாந்தோட்டை மாவட்டச் செயலகங்களுக்கு அடுத்த வறட்சிக் காலத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். மூன்று மொழிகளிலும் அதை எழுதித் தரக்கூடியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் அவர்களோடு உட்கார்ந்து முதல் வரைவைத் தொடங்க நான் ஆயத்தம்.